வயிற்றுச் சதையும் சர்க்கரை நோயும்



"பேரன் பேத்தி எடுத்தாச்சு, தொப்பை போட்டால் என்ன?" என்று தென்னேரித் தாய்மார்கள் சிலர் சொல்லலாம். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததால்தான் வயிறு பெருத்துப் போச்சு" என்பாரும் உண்டு. இது தவறு. அந்த ஆபரேஷனில் கருக்குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. சினைப்பைக்கு ஒன்றும் ஆவதில்லை.

உண்மைக் காரணம் என்ன?

மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்குரிய சுரப்பு நீர் குறைகிறது. அதன்பின் கொழுப்பு வயிற்றுக்குள் அதிகம் சேர்கிறது. நடவு, களையெடுப்பு என்று உழைத்த உடம்பு ஓய்ந்த பிறகும் பழைய அளவே சோறு சாப்பிட்டால் வயிறு இன்னும் பெருக்கும். ரத்தத்திலுள்ள சர்க்கரையை உடம்பு பயன்படுத்த உதவுவது இன்சுலின். வயிற்றுக் கொழுப்பு அதன் வேலையைக் கெடுக்கிறது. கை கால் மெலிந்தவர்களுக்கும் இது நேரலாம்.

அளந்து பாருங்கள்

தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்கவும். பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது சுமார் 31½ அங்குலத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. ஆண்களுக்கு 90 செ.மீ.

அடுத்து, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. 100-க்குக் கீழ் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம்.

தடுக்க முடியுமா?

முடியும். எல்லைக்கோட்டில் இருந்தவர்களைச் சென்னை மருத்துவர்கள் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் நடந்தவர்களில் 39 பேருக்கே வந்தது.

* தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன்.
* கேழ்வரகுக் களிக்கும் அளவு உண்டு.
* தினமும் அரை மணி நேரம் ஏரிக்கரையில் வேகமாக நடங்கள்.
* மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.
* திடீரென வயிறு உப்பி, பசி குறைந்தால் அது தொப்பையல்ல. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

எல்லோரும் சாப்பிட்டபின், "சோறு வீணாகுதே" என்று மிச்சத்தையும் சாப்பிடுபவர் உங்கள் மனைவிதான். அவரையும் கூட உட்கார வைத்துச் சாப்பிடுங்கள். மாலையில் இருவரும் சேர்ந்தே நடங்கள்.

இடுப்பளவு அறிவோம்! இனிய முதுமை பெறுவோம்!