குடியை நிறுத்தும் முதல் ஐந்து நாள்

"இன்றோடு குடியை விட்டுவிட்டேன்." கணவர் இப்படிச் சொன்னால் மனைவியின் நெஞ்சு குளிரும். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். முதல் ஐந்து நாள் மிகுந்த கவனம் வேண்டும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

பாலத்து இறக்கத்தில் மூட்டை ஏற்றிய கைவண்டி போகிறது. ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்கிறார். அவர் சட்டென்று கையை விட்டால் என்ன ஆகும்? வண்டி தலைதெறிக்க ஓடும்.

மூளையும் அப்படித்தான். மது மூளையை இழுத்துப் பிடிக்கிறது. மூளை அதை மீறி வேகமாக ஓடப் பழகுகிறது. மது திடீரென்று நின்றதும் அந்த வேகம் கட்டுக்கு அடங்காமல் போகிறது.

கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கும். வியர்க்கும். குமட்டும். தூக்கம் வராது.

முதல் 2 நாளில் சிலருக்கு வலிப்பு வரலாம்.

2 நாள் கழிந்த பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும். இது பேய் அல்ல. மந்திரிக்கப் போக வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லோருக்கும் இப்படி வராது. காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்பவருக்கு ஆபத்து அதிகம். முன்பு வலிப்பு வந்தவருக்கும் அதிகம்.

கேரளம் கண்ட பாடம்

2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. கேரளத்தில் மதுக்கடைகள் மூடின. குடிக்குப் பழகிய பலர் தவித்தார்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். மார்ச் 30 அன்று அரசு ஓர் உத்தரவு போட்டது. டாக்டர் சீட்டு இருந்தால் மது கிடைக்கும் என்றது. டாக்டர்கள் அதை எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று, நம் எறணாகுளத்தில் உள்ள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? நடுக்கத்துக்கு மருந்து மது அல்ல. ஆஸ்பத்திரியில் நல்ல மருந்து இருக்கிறது.

இரண்டு பெண்கள் பேசுகிறார்கள்

"அக்கா, அவரை ரூமுக்குள்ள பூட்டி வெச்சா நாலு நாள்ல சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க."

"பூட்டாதே தங்கச்சி. உள்ளே வலிப்பு வந்தா யார் பார்ப்பா?"

"சோத்துல கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்காம். விளம்பரம் பார்த்தேன்."

"அவருக்குத் தெரியாம எதையும் கலக்காதே. சில மருந்து வயித்துல இருக்கும்போது குடிச்சா உயிரே போகலாம்."

"அப்ப நான் என்னக்கா செய்யட்டும்?"

"அவர் தெளிவா இருக்கிற நேரம் பார்த்துப் பேசு. திட்டாம பேசு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொல்லு. துணைக்கு நானும் வர்றேன்."

ஒரு தாளில் எழுதுங்கள்

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அது இங்கே உதவும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் இவற்றை எழுதுங்கள்:

1. கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணி?
2. தினமும் எவ்வளவு குடித்தார்?
3. முன்பு வலிப்பு வந்ததா?
4. வேறு நோய் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

மட்டாஞ்சேரிக்காரர்களுக்குக் கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரி பக்கம். முதலில் அங்கே காட்டலாம். படுக்க வைப்பதா, வீட்டில் வைத்துப் பார்ப்பதா என்று டாக்டர் சொல்வார். நடுக்கம் குறைய மாத்திரை தருவார். சத்துக்கு வைட்டமின் பி1 ஊசி போடுவார். மாத்திரையை நீங்களே வைத்திருந்து கொடுங்கள். சீட்டில் எழுதியபடி மட்டும் கொடுங்கள். நடுவில் அவர் குடித்துவிட்டால் மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். புத்தி தடுமாறினாலும், ரத்த வாந்தி எடுத்தாலும், சாகப் போகிறேன் என்று சொன்னாலும் தாமதிக்காதீர்கள்.

ஐந்து நாளுக்குப் பிறகு

நடுக்கம் நின்றால் நோய் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. குடிக்கும் ஆசை திரும்ப வரும். டாக்டரையும் ஆலோசகரையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். கேரள அரசு 2016-இல் 'விமுக்தி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் சிகிச்சை மையம் பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று கைவிட வேண்டாம். மறுபடி சிகிச்சைக்குப் போகலாம்.

"நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?" என்று சிலர் மனைவியைக் கேட்பார்கள். இது தவறு. குடி ஒரு நோய். மனைவி அதற்குக் காரணம் அல்ல.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணியின் கணவர் குடியால் இறந்தார். அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. 1980-இல் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே குடித்தவருக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கணவரைக் கவனிக்கும் மனைவியும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தூங்க வேண்டும். மனம் விட்டுப் பேச ஒருவர் வேண்டும். அவர் அடித்தால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181-க்குப் போன் செய்யுங்கள்.

சுவரில் எழுதி ஒட்டுங்கள்

ஆம்புலன்ஸ்: 108
குடியை விட ஆலோசனை: 14446
கேரள சுகாதார உதவி: 1056
பெண்கள் உதவி: 181

பேசுவோம்

1. குடியைச் சட்டென்று நிறுத்தினால் ஏன் நடுக்கம் வருகிறது?
2. குடிப்பவரைப் பூட்டி வைப்பது ஏன் தவறு?
3. உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் நீங்கள் என்ன உதவி செய்வீர்கள்?