இலை ஏன் சுருண்டது?

ஓசூர் பக்கத்தில் ஒரு கிராமம். அக்கா தக்காளித் தோட்டத்தில் நின்றாள். செடிகள் குட்டையாக இருந்தன. இலைகள் சுருண்டு கிடந்தன. காய் இல்லை. கடன் வாங்கி வைத்த பயிர் அது.

"இரண்டு தடவை மருந்து அடித்தேன், தம்பி. இலை நிமிரவே இல்லை."

தம்பி ஓர் இலையைத் திருப்பினான். அடியிலிருந்து சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் பறந்தன.

"இது வெள்ளை ஈ, அக்கா. இலையின் சாற்றை உறிஞ்சும். நோய் கண்ட செடியிலிருந்து நல்ல செடிக்குக் கிருமியைக் கொண்டு போகும். அதனால்தான் இலை சுருள்கிறது. மருந்து பூச்சியைக் கொல்லலாம். செடிக்குள் புகுந்த கிருமியைக் கொல்லாது."

"அப்புறம் என்ன வழி?"

"நோயைத் தாங்கும் ரகம் வேண்டும். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 2010-இல் 'அர்கா ரக்ஷக்' என்ற தக்காளி ரகத்தைத் தந்தார்கள். இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் அது தாங்கும். வெள்ளை ஈ அதிலும் உட்காரும். ஆனால் செடி எளிதில் நோயில் விழாது."

"அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்து வைக்கலாமா?"

"கூடாது. அது வீரிய ஒட்டு ரகம். அடுத்த தடவை எல்லாச் செடிக்கும் அதே குணம் வராது. ஒவ்வொரு முறையும் புது விதைதான் வாங்க வேண்டும்."

"காய்ப்புழுவையும் தாங்குமா?"

"தாங்காது. அதற்கும் அந்த நிறுவனம் வழி சொல்லியிருக்கிறது. 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி நட வேண்டும். செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள், தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது இருக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒன்றாகப் பூக்கும். தாய்ப்பூச்சி செண்டுமல்லியை நாடிப் போய் முட்டையிடும். நாற்றங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடினால் வெள்ளை ஈயும் அண்டாது."

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"என் செடியிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் நோய் போகுமா?"

"போகும், அக்கா."

அக்கா சேலையை இழுத்துச் செருகினாள். சுருண்ட செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். தம்பி குழி வெட்டினான்.

"அடுத்த தடவை விதைப் பையை நானே படித்துப் பார்த்து வாங்குவேன்" என்றாள் அக்கா.

பதில் எழுதுங்கள்:

1. இலைச்சுருள் நோயைப் பரப்பும் பூச்சி எது?
2. தக்காளியோடு செண்டுமல்லியை ஏன் நட வேண்டும்?
3. அக்கா செடிகளை ஏன் பிடுங்கினாள்?