பட்டியலில் நம் பிள்ளை பெயர் இருக்கிறதா?



இந்த மாதப் பாடம் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் உரிமை பற்றியது. "நம்ம வீட்ல அப்படிப் பிள்ளை இல்லையே" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும். அந்தத் தாய்க்காக மற்ற உறுப்பினர்கள் செய்ய வேண்டிய வேலைதான் இதில் அதிகம்.

குழுக்கூட்டங்களுக்குப் போகும்போது வருகைப் பதிவேட்டைப் பார்ப்போம். சில குழுக்களில் ஒரே பெயருக்கு நேராகத் தொடர்ந்து 'வரவில்லை' என்று இருக்கும். கேட்டால், "அது பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டோடயே கெடக்குங்க" என்பார்கள். அபராதம் மட்டும் ஒழுங்காக நோட்டில் ஏறியிருக்கும். பாடத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டோடு இருக்கும் அந்தப் பிள்ளை அரசின் கணக்கில் இருக்கிறதா?

ஏன் கணக்கைப் பற்றிக் கேட்கிறோம் என்றால், பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பணம் தலைக்கணக்குப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. 2018ல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறையில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்று வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் ஊக்கத்தொகையும் உண்டு. சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி, கருவிகள், அழைத்து வருபவருக்கான படி எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டமிடப்படுகின்றன. ஒரு ஒன்றியத்தில் எத்தனை பிள்ளைகள் என்று வட்டார வள மையத்தில் பட்டியல் இருக்கும். அதில் பெயர் ஏறாத பிள்ளைக்கு யாரும் பணம் கேட்கப் போவதில்லை.

பெயர் ஏற முதலில் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும். 2013 முதல் நடக்கும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள். "மெதுவா பேசும், எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்று மாமியார் சொல்வதைக் கேட்டு 3 வயது, 4 வயதைக் கடத்தி விட்டால், அந்த வயதில் பயிற்சி கொடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய பலன் பிறகு அவ்வளவு சுலபமாக வராது. சந்தேகம் இருந்தால் மருத்துவக் குழுவே மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பி வைக்கும்.

அடுத்தது சான்று. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுதான் இருந்தது. இப்போது 21 வகை. ஆட்டிசம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அந்தக் காலத்தில் "இதுக்கெல்லாம் சான்று கெடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்றும் அதையே நம்பி வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள்.

சான்றில் சதவீதம்தான் முக்கியம். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சட்டத்தின் பல சலுகைகள் கிடைக்கும். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகைக்கு அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதம் போதும். மற்றபடி கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற பிரிவில் கேட்பதற்கு 75 சதவீதம் வேண்டும். 2023 ஜனவரியில் இந்தத் தொகையை மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கை கால் மட்டும் பார்த்து 60 சதவீதம் என்று எழுதிவிடுவது உண்டு. அந்தப் பிள்ளைக்குப் புரிந்துகொள்வதிலும் சிரமம் இருந்தால், அதையும் சேர்த்துப் பரிசோதிக்கும்படி முகாமிலேயே கேளுங்கள். டாக்டரிடம் எதிர்த்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியைக் குழு நோட்டிலும் குறித்து வையுங்கள்.

உதவித்தொகை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நிறையப் பேர் நின்று விடுகிறார்கள். நமக்கு இதில்தான் வருத்தம். 2,000 ரூபாய் வேண்டும்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தால் பிள்ளை உட்காரக் கற்றுக்கொள்ளாது. இயன்முறைப் பயிற்சியாளர் வர வேண்டும், சிறப்பாசிரியர் வர வேண்டும். 6 வயது முதல் 18 வயது வரை, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்று சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கே போக முடியாத பிள்ளைக்கு வீட்டு வழிக் கல்வி உண்டு. பணத்தைக் கேட்பது போலவே இதையும் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? நம் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 9 வயதுப் பெண் பிள்ளை, மூளை முடக்குவாதம். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டுக்கு வந்து பயிற்சி தர வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு 2 வருஷமாக நடந்திருக்கிறார். போகிற ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. "போன தடவை குடுத்த மனு என்னாச்சுன்னு கேட்டா, எந்த மனுன்னு கேக்குறாங்கக்கா" என்றார். கையில் ரசீதும் இல்லை, நகலும் இல்லை. பிறகு அதே ஊராட்சியில் இன்னும் 4 தாய்மார்கள் இருப்பது தெரிந்தது. ஒருவரையொருவர் சந்தையில் பார்த்திருக்கிறார்கள், இதைப் பற்றிப் பேசியதில்லை. ஊராட்சிக் கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு, அதன் நகலை இணைத்து, 5 மனுக்களாகத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தார்கள். கணக்காளரும் செயலாளரும் கூடவே போனார்கள். பஸ் செலவு சங்கப் பணத்திலிருந்து. இரண்டு மாதத்தில் பயிற்சியாளர் வரத் தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு மட்டும் படி இன்னும் வரவில்லை, அதற்கு மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். அழுது எழுதவும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"என் மகளுக்கு வயது 9. மூளை முடக்குவாதம், 80 சதவீதம். சான்றின் நகல் இணைத்துள்ளேன். பள்ளியில் பெயர் உள்ளது, நடக்க முடியாததால் போக இயலவில்லை. வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சியும் கல்வியும் தர ஏற்பாடு செய்யவும். எந்தத் தேதியிலிருந்து, வாரம் எத்தனை நாள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "பாக்கலாம்மா" என்ற பதிலுக்கு அந்த வரிதான் தடை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 'இத்தனாம் தேதி கொடுத்த என் மனுவின் மீது என்ன நடவடிக்கை?' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். புகாரை விசாரிக்கும்போது ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு.

"நிதி வரலைம்மா" என்றும் சில நேரம் சொல்வார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 2024-25ல் மத்திய அரசு இந்தத் திட்டத்துக்கான தமிழ்நாட்டின் பங்கை நிறுத்தி வைத்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் சிறப்பாசிரியருக்கே சம்பளக் கவலை இருக்கலாம், அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் நிதி இல்லை என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் கிராம சபையிலும், எம்.எல்.ஏ. விடமும் பேச முடியும்.

பிள்ளைக்கு 17 வயது ஆகிவிட்ட வீடுகளுக்கு ஒரு விஷயம். 18 முடிந்தால் அவர் பெயரில் கையெழுத்திடும் உரிமை சட்டப்படி பெற்றோருக்கும் கிடையாது. வங்கியில் போய் நிற்கும்போதுதான் இது தெரியவரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழுவில் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. இதற்குச் சிறு பிள்ளைகளுக்கும் பதியலாம்.

அடுத்த ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் உள்ள பிள்ளைகளின் பெயர், வயது, சான்று இருக்கிறதா, பள்ளியில் பெயர் இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் யார் வந்து பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். குழுவில் சேராத வீடுகளையும் விடாதீர்கள். வட்டார வள மையப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அன்று நாங்களும் வருகிறோம். கூட்டத்துக்கு வர முடியாத அந்தத் தாய்க்கு அபராதம் போடுவதா வேண்டாமா என்பதையும் அதற்குள் உங்கள் குழுவில் பேசி முடிவு செய்து வாருங்கள்.