முக்கால் டாலர் கணக்கு

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களுக்கு ஒருமுறை தலைகாட்டும் செய்தி ஒன்று உண்டு: “தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்கா 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. ஆபத்தில்லை என்றால் எதற்குக் கொடுக்கிறார்கள்?” இதில் வேடிக்கை என்னவென்றால், தொகை பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முத்தடுப்பூசி மீது, குறிப்பாக அதிலிருந்த கக்குவான் இருமல் மருந்தின் மீது, வழக்குகள் குவிந்தன. வழக்குச் செலவுக்குப் பயந்து தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, 1984இல் தட்டுப்பாடே வந்துவிட்டது. ஊசி இல்லையென்றால் கக்குவான் திரும்பிவரும். ஊசி போட்டு நிஜமாகவே பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோரோ வருடக்கணக்கில் கோர்ட் படியேற வேண்டும். இரண்டுக்கும் நடுவே 1986இல் ஒரு சட்டம் வந்தது. 1988 அக்டோபரில் இழப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு டோஸ் எத்தனை நோய்களைத் தடுக்கிறதோ, நோய்க்கு 75 சென்ட் வீதம் அதன்மேல் வரி. ஃப்ளூ ஊசிக்கு முக்கால் டாலர், மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆருக்கு இரண்டேகால் டாலர். அந்தப் பணம் தனி நிதியாகச் சேர்கிறது. பாதிக்கப்பட்டதாக வருபவர் யார் மீதும் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஊரைக் காக்கும் ஏற்பாட்டில் எங்கோ ஒருவருக்கு அடிபட்டால் செலவை ஊரே பங்குபோட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை.

அந்த ‘எங்கோ ஒருவர்’ எத்தனை பேர்? 2006 முதலான கணக்கில், விநியோகமான பத்து லட்சம் டோஸுக்கு ஏறத்தாழ ஒருவர் இழப்பீடு பெற்றிருக்கிறார். ஃபார்வர்டு செய்தியில் இந்த வரி மட்டும் இருக்காது.

“கோர்ட்டே பணம் கொடுத்துவிட்டது, அப்புறம் என்ன நிரூபணம்?” என்பது அடுத்த நம்பிக்கை. இந்த மனுக்கள் போவது வாஷிங்டனில் உள்ள தடுப்பூசி நீதிமன்றத்துக்கு. அங்கே ஜூரி கிடையாது. ஸ்பெஷல் மாஸ்டர் எனப்படும் நடுவர்கள் விசாரிக்கிறார்கள். எதிர்மனுதாரர் மருந்துக் கம்பெனி அல்ல, அரசின் சுகாதாரத் துறைச் செயலர். எந்த ஊசிக்குப் பின் எத்தனை நாளுக்குள் எந்த பாதிப்பு வந்தால் ஊசியே காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம் என ஓர் அட்டவணை இருக்கிறது. ஃப்ளூ ஊசிக்குப் பின் 3 முதல் 42 நாளுக்குள் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் கண்டால் அது அட்டவணைக்குள் வரும். அதற்கு வெளியே உள்ளவர்கள்கூட, ‘ஊசியால் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்கு நிறுவினால் போதும். தராசின் முள் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். போதாக்குறைக்கு, கொடுக்கப்பட்ட இழப்பீடுகளில் சுமார் 60 சதவீதம் சமரசத்தில் முடிந்தவை. ஊசிதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ளாத வழக்குகள் அவை.

இவ்வளவு தாராளமான தராசிலும், ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்ற வாதம் நிற்கவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மனுச் செய்திருந்தன. மாதிரி வழக்குகளாக எடுத்துக்கொண்ட மூன்றிலும், மூன்று வெவ்வேறு நடுவர்கள், 2009 பிப்ரவரி 12 அன்று ஒரே முடிவைச் சொன்னார்கள்: எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. அந்தப் பெற்றோரின் துயரத்தை எந்த நடுவரும் சந்தேகிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, இப்போதெல்லாம் எந்தப் பாதிப்புக்கு மனு வருகிறது? மூளை பாதித்த குழந்தை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அண்மை ஆண்டுகளில் பெரும்பங்கு பெரியவர்களின் தோள்பட்டை வலி! மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசிக்கு வரிசை. முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டச் சோம்பி, காலரைத் தோளோரம் இழுத்துவிட்டு நிற்கிறார் ஒருவர். திறந்திருப்பது தோளின் மேல்விளிம்புதான். போடுகிறவர் அங்கேயே குத்துகிறார். இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதைப்பற்றில் இறங்க வேண்டிய ஊசி, மூட்டையொட்டிய மெல்லிய பைக்குள் போய்விடுகிறது. மறுநாள் தலைவாரக் கை தூக்க முடியாது; சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். 48 மணி நேரத்துக்குள் தொடங்கும் இந்த வலி 2017இல் அட்டவணையில் ஏறியது. பழி மருந்தின் மேல் விழுகிறது. பிழை ஊசி இறங்கிய இடத்தில்.

வக்கீல் செலவுக்குச் சொத்தை விற்க வேண்டும் என்பதும் தவறு. நியாயமான அடிப்படையும் நல்லெண்ணமும் இருந்தால், தோற்றவரின் வக்கீலுக்கும் நிதியிலிருந்தே பணம் கிடைக்கலாம். அதற்குமேல் கட்சிக்காரரிடம் அவர் ஒரு பைசா கேட்கக்கூடாது. அமெரிக்க மண்ணில் ஊசி போட்டுக்கொண்டவருக்குக் குடியுரிமை நிபந்தனையும் இல்லை. விசாவில் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கட்டும். ஆனால் பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

திட்டத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் மறைக்கும் பக்கமும் உண்டு. உயிர் போனால் இரண்டரை லட்சம் டாலர், வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சம் அதே இரண்டரை லட்சம். 1986இல் எழுதிய இந்த எண் இன்றுவரை மாறவில்லை. அந்த ஆண்டு விலைக்கு இன்று அமெரிக்காவில் என்ன வாங்க முடியும்? கம்பெனியை நேரடியாக இழுக்கலாம் என்றால், முதலில் இந்த நீதிமன்றத்தைத் தாண்டியாக வேண்டும். அப்படியே தாண்டினாலும் மருந்தின் வடிவமைப்பில் குறை என்ற வாதத்துக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் கதவை மூடிவிட்டது.

கோவிட் ஊசி இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே வரவில்லை. அதற்கு வேறொரு திட்டம். முடிவெடுப்பது சுகாதாரத் துறை அதிகாரிகள். நீதிமன்றம் இல்லை, வக்கீல் பணம் இல்லை, வலிக்கு ஈடு இல்லை. கெடு ஓராண்டு, அதுவும் அறிகுறியிலிருந்து அல்ல, ஊசி போட்ட நாளிலிருந்து. ஒரே நாளில், ஒரே கடையில், இடது கையில் ஃப்ளூ ஊசியும் வலது கையில் கோவிட் ஊசியும் போட்டுக்கொண்டவரை எண்ணிப் பாருங்கள். இடது தோள் வலித்தால் நீதிமன்றமும் வக்கீலும் மூன்றாண்டு அவகாசமும் உண்டு. வலது தோள் வலித்தால் ஒரு விண்ணப்பப் படிவம். அதையும் அடுத்த ஆண்டு அதே தேதிக்குள் அனுப்பியாக வேண்டும்.