காதுக்குள்ளே சடசட!



ஒர்க்‌ஷாப்பில் ஒரு மெஷின் வித்தியாசமாகச் சத்தம் போட்டால் உடனே ஸ்பேனரைத் தூக்கக் கூடாது. "எப்பக் கேக்குது? லோடுலயா, சும்மா ஓடுறப்பவா?" என்பதுதான் முதல் கேள்வி. காதுக்கும் இதே முறைதான் என்பதைச் சென்ற கார்த்திகை மழைச் சளிக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். என் வலது காதுக்குள் பொரி பொரிகிற மாதிரி சடசடவென்று மூன்று வாரம் விடாமல் கேட்டது. அம்மா நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சித் தயாராக வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அத்தை கோழி இறகோடு வந்துவிட்டார். (டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்த ஊர் நம் புதுக்கோட்டை! காது என்றால் மட்டும் இன்னும் கோழி இறகுதான்.)

எச்சில் விழுங்கும்போது சடசடத்தால் சந்தேகம் யூஸ்டேஷியன் குழாய் மேல்தான். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் குழாய் இது. 1564-ல் இதை விவரித்து எழுதிய இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரையே வைத்துவிட்டார்கள். சாதாரணமாக மூடியிருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்துத் திறக்க, காற்று உள்ளே போய் செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும். நம் பாஷையில் சொன்னால் ஒரு ஏர் வால்வு. சளியில் இந்த வால்வு வீங்கி ஒட்டிக்கொண்டால் பிரியும்போதெல்லாம் சடசட. உள்ளே நீர் கோத்திருந்தால் குமிழி உடைகிற சத்தமும் சேரும்.

தாடையை அசைத்தால் மட்டும் சத்தமா? செவிப்பறை மேல் ஒரு முடியோ காய்ந்த குறும்பியோ கிடந்து உரசலாம், அல்லது காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டே நொடிக்கலாம். தானாக டக் டக்கென்று துடித்தால் நடுக்காதின் குட்டித் தசைகளாக இருக்கலாம். நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டால் ரத்தக் குழாய் விவகாரம், அதைக் கட்டாயம் காட்ட வேண்டும். சீழ், தலைசுற்றல், முகம் கோணுதல் இருந்தாலும் அப்படியே. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும். நாள் தள்ளினால் மருந்து பலிக்காமல் போகலாம்.

நான் போனது 2017-ல் தொடங்கிய நம் அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு. டாக்டரம்மா கையில் எடுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பிசிக்ஸ் லேப் ட்யூனிங் ஃபோர்க், 512 ஹெர்ட்ஸ்! தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, "எந்தக் காதுல கூடக் கேக்குது தம்பி?" என்றார். கோளாறான வலது காதில்தான் கூடக் கேட்டது! நம்பாதவர்கள் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள், சத்தம் அடைத்த பக்கம் போகும். வழியில் அடைப்பு இருந்தால் வெளிச் சத்தம் குறைகிறது, எலும்பு வழியாக வரும் சத்தம் ஓங்குகிறது. நரம்புப் பக்கம் கோளாறு என்றால் நேர்மாறாக நல்ல காதில் கூடக் கேட்கும். மின்சாரமே இல்லாமல் ஒரு ஃபால்ட் ஃபைண்டிங்!

பிறகு விளக்கு வைத்துப் பார்த்தார். எனக்கு நடுக்காதில் கொஞ்சம் நீர். சளி வற்றியதும் தானாகச் சரியாயிற்று. "பறையில ஓட்டை இருந்து எண்ணெய் விட்டா வினையாயிடும், பார்க்காம எதையும் ஊத்தாதீங்க" என்று அம்மாவுக்குத் தனியாகச் சொன்னார். (டாய்ன்பீ என்ற லண்டன் காது மருத்துவர் 1866-ல் காது இரைச்சலுக்கு வைத்தியம் தேடி, குளோரோஃபார்மை முகர்ந்து தன் மேலேயே சோதித்து இறந்தார். நாம் எந்த மூலைக்கு?)

துணைக்கு வந்த அப்பா அப்போதுதான், "எனக்கும் சத்தம் கேக்குதுங்க, ரொம்ப வருசமா" என்றார். எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பீஸ் வந்தது ஜல்லி கிரஷரில் அப்பா நின்ற பதினான்கு வருஷத்திலிருந்து. அவருக்குக் கேட்பது சடசட இல்லை. ஞொய்ங் என்ற ஒரே ஸ்ருதி, ராத்திரி அமைதியில்தான் அதிகம், இரண்டு காதிலும். விழுங்கினாலும் தாடையை அசைத்தாலும் மாறாது. ஆடியோகிராமில் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் இறங்கி, 8000-க்குப் போகும்போது சற்று ஏறியது. இரைச்சலில் கெட்ட காதின் அடையாளம் அது. உட்காதில் சுமார் பதினைந்தாயிரம் முடிச்செல்கள் உண்டு. பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு, செத்தது முளைக்காது.

டெசிபெல் லாக் கணக்கு என்பது நமக்குத் தெரியும். 3 கூடினால் ஆற்றல் இரண்டு மடங்கு. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 டெசிபெலில் எட்டு மணி நேரம், 88-ல் நாலு மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதே கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிஷம்தான். கிரஷரில் ஒரு ஷிஃப்ட் எவ்வளவு என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போனது வராது, இருப்பதைக் காக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஃபோம் இயர்பிளக் வாங்கிக் கொடுத்தேன். விரலில் ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேல்பக்கமாகப் பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும், உள்ளே போய் உப்பும். சும்மா செருகினால் பலன் இல்லை. அப்பா ஒரு நாள் போட்டுவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார். "ஏற்கெனவே பாதிதான் கேக்குது. இதையும் மாட்டிக்கிட்டா பின்னாடி லாரி வர்றது எப்படிடா தெரியும்?"

நியாயமான கேள்வி. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கொடி காட்ட ஒரு ஆளும், பளிச்சென்று ஒரு விளக்கும் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதை முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் தினமும் பேச்சு.

– இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்