தடுப்பு மருந்து தரும் செடிகள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வெற்றிலையும் புகையிலையும் கீரை வகைகளும் நெடுங்காலமாக விற்பனையாகி வருகின்றன. அக்கடைகளின் பின்புறம் கிடக்கும் சிரட்டையிலும் உடைந்த வாளியிலும் மழைநீர் தேங்குமாயின், ஏடிஸ் கொசு அவற்றில் முட்டையிடும். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய மூன்று நோய்களையும் பரப்புவது இக்கொசுவே. 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா நோய் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கண்டறியப்பட்டது. கருவுற்ற தாய்க்கு இந்நோய் காணின் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றக்கூடும். இத்தகைய நோய்களுக்குரிய தடுப்பு மருந்தைச் செடிகளில் விளைவிக்க இயலுமா என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

தடுப்பு மருந்துக்கு நோய்க்கிருமி முழுவதும் வேண்டுவதில்லை. அதன் மேலுறையிலுள்ள புரதத்தின் ஒரு பகுதியே போதுமானது. அப்புரதத்தை ஆக்கும் மரபணுவை, அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிரின் வாயிலாகப் புகையிலை இனச் செடியின் இலைக்குள் செலுத்துவர். சில நாட்களில் இலை அப்புரதத்தை உண்டாக்கும். அதனைப் பிரித்தெடுத்துச் சுத்திகரித்து உடலில் செலுத்தினால், உடல் அதனை அந்நியப் பொருளென உணர்ந்து எதிர்ப்பொருள்களைத் தோற்றுவிக்கும். உயிருள்ள கிருமி இன்மையால் நோய் உண்டாவதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தார் இம்முறையில் ஆக்கிய புரதம் சுண்டெலிகளை ஜிகாவினின்று காத்ததென 2018-ல் வெளியிட்டனர்.

மற்றொரு முறையில், மரபணு இலையின் பசுங்கணிகத்துள் சேர்க்கப்படுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹென்றி டேனியல் அமெரிக்காவில் தம் குழுவினருடன் புகையிலையிலும் லெட்டூஸ் கீரையிலும் இவ்வாறு மலேரியா, காலரா ஆகிய இரண்டிற்குமுரிய புரதங்களை விளைவித்தார். 2010-ல் வெளியான இவ்வாராய்ச்சியும் சுண்டெலிகளிலேயே நிகழ்ந்தது. ஓர் இலையணுவில் பசுங்கணிகங்கள் பல இருத்தலால் புரதம் மிகுதியாகக் கிடைக்கிறது. அன்றியும், பெரும்பாலான பயிர்களில் பசுங்கணிகம் மகரந்தத்தின் வழியே செல்லாமையால், அம்மரபணு அயல் வயல்களுக்குப் பரவும் அச்சமும் குறைவு.

எனினும், இடர்ப்பாடுகள் உள. இலைக்கு இலை புரதத்தின் அளவு வேறுபடுமாதலால், கீரையைப் பறித்துண்பது தடுப்பு மருந்து ஆகாது. மருந்தின் அளவு திட்டமாக இருத்தல் வேண்டும். டெங்குக் கிருமி நால்வகைப்படும். ஒரு வகையை மட்டும் எதிர்க்கும் மருந்து, பிறிதொரு வகை தாக்கும்போது நோயைக் கடுமையாக்கவும் கூடும். 2022-ல் கனடா செடியில் ஆக்கிய கோவிட் தடுப்பு மருந்து ஒன்றுக்கு அனுமதி வழங்கியமையால், இம்முறை மனிதருக்கும் பயன்படும் என்பது தெளிவாயிற்று. ஆனால் கொசு பரப்பும் நோய்களுக்கெனச் செடியில் ஆக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் மனிதர் உபயோகத்திற்கு வரவில்லை.

ஆகவே, ஏதேனும் ஓர் இலை டெங்குவைத் தடுக்கும் என நம்பி மக்கள் ஏமாறாதவாறு களப் பணியாளர் எடுத்துரைத்தல் வேண்டும். ஏடிஸ் முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே பாத்திரங்களை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஆசிரியர்கள் தேங்கிய நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, அதில் நெளியும் புழுக்களை மாணவர்க்குக் காட்டலாம். பாடம் முடிந்ததும் அந்நீரை உலர்ந்த தரையில் கொட்டிவிடுதல் அவசியம்.