ஒரு பள்ளத்தாக்கின் சிறுவடிவம்

இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டுசயர் பகுதியில், தேம்சு ஆற்றுக்கு அண்மையில் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பெண்டன் அருங்காட்சியகத்தின் கூடம் ஒன்றில் ஒரு பள்ளத்தாக்கே விரிந்து கிடக்கிறது. வயல்கள், வேலிச்செடிகள், வளைந்து செல்லும் ஊர்ச்சாலை, வைக்கோல் வேய்ந்த வீடுகள், அவற்றின் முற்றத்தில் பூச்செடிகள் எனக் காட்சி நீள்கிறது. தொலைவில் நீராவி எஞ்சின் ஒன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெல்ல ஊர்ந்து செல்கிறது. அவ்வீடுகளின் கூரைமுகடு ஒரு மனிதனின் உள்ளங்கை அகலத்தை அரிதாகவே தாண்டும். வீதியில் நிற்கும் ஆளின் உயரம் இரண்டேகால் செண்டிமீட்டர். அங்கே ஆண்டு எப்போதும் 1930ஐ ஒட்டியே நிற்கிறது.

மாதிரி இருப்புப்பாதை அமைத்தல் ஐரோப்பாவில் பழமையான பொழுதுபோக்கு. செருமனியின் மெர்க்லின் நிறுவனம் 1891இல் தண்டவாளங்களோடு கூடிய பொம்மை இரயில்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது முதலாக, சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த அது மெல்லப் பெரியவர்களின் கலையாயிற்று. ஆனால் பெண்டனில் இருப்பதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது ஓர் இழப்பிலிருந்து பிறந்தது.

இழப்பைக் கண்ட இளைஞர்

ராய் இங்கிலாந்து என்பவர் ஆஸ்திரேலியர். இருப்புப்பாதைகளின்மீது, குறிப்பாகக் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேயின்மீது கொண்ட பற்றோடு 1925இல் அவர் பிரிட்டனுக்கு வந்தார். அந்த இரயில்வேயின் எஞ்சின் பணிமனைகள் அமைந்த ஸ்விண்டன் நகருக்கு அருகில் தங்கினார். இரயிலைக் காண வந்தவரின் கண், அதைச் சுற்றியிருந்த நாட்டுப்புறத்தின்மீது படிந்தது. மலைச்சரிவில் வெண்சுண்ணக் கோடுகளால் தீட்டப்பட்ட பழங்காலக் குதிரை உருவத்தால் அப்பகுதி 'வெண்குதிரைப் பள்ளத்தாக்கு' எனப் பெயர் பெற்றது.

அந்நிலம் அவர் கண்முன்னேயே மாறிக்கொண்டிருந்தது. வைக்கோல் கூரைகள் அகற்றப்பட்டுக் கல்நார்த் தகடுகள் ஏறின. பழைய சுவர்கள் இடிக்கப்பட்டன. தடுக்கும் வலிமை அவருக்கு இல்லை. பதிவு செய்யும் பொறுமை இருந்தது. வீடுவீடாகச் சென்று அளந்தார், ஒளிப்படம் எடுத்தார், செங்கற்களின் நிறத்தையும் குறித்துக்கொண்டார். அவற்றைச் சிறுவடிவில் மீண்டும் எழுப்புவதையே வாழ்நாள் பணியாக ஏற்றார். பின்னர் 1954இல் லாங் விட்டன்ஹாமில் ஒரு பழைய மதுவிடுதிக் கட்டடத்தைப் பெற்று, அதனை இளைஞர் தங்குவிடுதியாக நடத்தியவாறே அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்.

எழுபத்தாறில் ஒரு பங்கு

பெண்டனில் உள்ளவை ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்னும் அளவையில் அமைந்தவை. அதாவது, உண்மைப் பொருளின் ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்கு. இருபது மீட்டர் நீளமுள்ள பெட்டி இருபத்தாறு செண்டிமீட்டராகச் சுருங்கும். மணிக்கு 76 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி இங்கே மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் போதும். சிற்றெறும்பை நினைவூட்டும் இந்த மெதுவான ஓட்டத்தில்தான் வண்டிக்கு எடை இருப்பதாகக் கண் நம்பும்.

எல்லாம் இவ்வளவு எளிதாகச் சுருங்குவதில்லை. ஒரு கிலோமீட்டர் நிலம் சுருங்கினாலும் பதின்மூன்று மீட்டர் இடம் வேண்டும். இரண்டு நிலையங்களை உண்மைத் தொலைவில் அமைக்க எந்த அறையும் போதாது. எனவே நிலப்பரப்பு மட்டும் அளவைக்கு அடங்காமல், கண் ஏற்கும் அளவிற்குக் குறுக்கப்படுகிறது. தண்டவாளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதை இந்த அளவையில் ஏறக்குறைய 18.8 மில்லிமீட்டராக வரவேண்டும். கடைகளில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான். உடல் அகன்றும் கால்கள் குறுகியும் நிற்கும் மனிதரைப் போல வண்டி தோன்றும். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பெண்டனின் கைவினைஞர்கள் பொருட்படுத்தினர். அகன்ற பாதையைத் தாமே அமைத்தனர்.

சணலும் அட்டையும்

வீடுகளுக்கான மூலப்பொருள்கள் வியப்பூட்டும் அளவிற்கு எளியவை. சுவர் அட்டையால் ஆனது. அதில் ஒவ்வொரு செங்கல்லின் விளிம்பும் கீறப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே நீர்வண்ணத்தால் தீட்டப்படுகிறது. பக்கத்துப் பக்கத்துச் செங்கற்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. உண்மைச் சுவரிலும் அவ்வாறு இருப்பதில்லையே! கூரைக்கு, குழாய் இணைப்புகளில் நீர் கசியாமல் சுற்றப்படும் சணல் நார் பயன்பட்டது. அது கற்றைகற்றையாக வெட்டி ஒட்டப்பட்டு, கூரை வேய்வோர் வேயும் முறையிலேயே அடுக்கப்பட்டது. சன்னலுக்குள் எட்டிப் பார்ப்போர்க்கு உள்ளே மேசையும் நாற்காலியும் தெரியும். பார்வையாளர் காணவே வாய்ப்பில்லாத மூலைகளிலும் அதே உழைப்பு செலுத்தப்பட்டுள்ளது.

இவ்வீடுகள் அமைந்த 'பெண்டன் பார்வா' என்னும் ஊர் உலகில் எங்கும் இருந்ததில்லை. பள்ளத்தாக்கின் பல ஊர்களில் சிதறிக் கிடந்த உண்மை வீடுகள் இங்கே ஓரிடத்தில் கூட்டப்பட்டுள்ளன. வீடு ஒவ்வொன்றும் மெய், ஊர் கற்பனை.

இதே அருங்காட்சியகத்தில் வேறொரு மனப்போக்கின் சான்றும் உள்ளது. ஜான் அகெர்ன் என்பவர் 1930களின் இறுதியில் தொடங்கிய 'மேடர் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை' அவர் மறைவுக்குப் பின் இங்கு வந்து சேர்ந்தது. முற்றிலும் கற்பனையான ஒரு பகுதியை, அதன் துறைமுகத்தோடும் ஊர்களோடும் அவர் படைத்தார். வண்டிக்குப் பின்னணியாக நிலம் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, நிலத்தின் ஊடே ஓடும் வண்டி என்று காட்டிய முன்னோடிகளுள் அகெர்ன் ஒருவர். இராய் அளந்து மீட்டார். அகெர்ன் புனைந்து மகிழ்ந்தார்.

எஞ்சியவை

மற்றொரு பகுதி டார்ட்மூர் மலைநிலத்தைக் காட்டுகிறது. அங்கே பொறியாளர் புரூனெல் வகுத்த முறையில் அமைந்த உயரமான மரப்பாலம் ஒன்று நிற்கிறது. விசிறிபோல் விரியும் மரத்தாங்கிகள்மீது இரயில் ஓடும் அத்தகைய பாலங்கள் ஒருகாலத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கில் மிகுதி. கார்ன்வாலில் எஞ்சிய கடைசி மரப்பாலம் 1934இல் மாற்றப்பட்டது. கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே 1948இல் நாட்டுடைமையாகித் தன் பெயரை இழந்தது. பிரித்தானிய இரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டம் 1968இல் முடிவுற்றது. கை வில்லியம்சு என்னும் கைவினைஞர் செய்த எஞ்சின்களே இங்கு அவற்றின் இடத்தில் ஓடுகின்றன.

இந்த அழகிய பள்ளத்தாக்கு ஒன்றை மறைக்கிறது என்பதும் உண்மை. ஈரம் ஊறிய சுவர்களையும் குடியானவர்களின் வறுமையையும் அட்டையில் காட்ட இயலாது. தீக்கு அஞ்சியும் வேயும் செலவுக்கு அஞ்சியும் வைக்கோலை அகற்றியவரைக் குறைகூறவும் இயலாது. அழகு கருதி வெளியிலிருந்து பார்த்தவர் இராய். உள்ளே வாழ்ந்தவரின் கணக்கு வேறு. எனினும், அவர் அளந்து வைத்திராவிடில் அச்சுவர்கள் எப்படி இருந்தன என்பதைச் சொல்ல இன்று இத்தகைய சான்று இராது.

இராய் 1995இல் மறைந்தார். பள்ளத்தாக்குக் காட்சி அப்போது முற்றுப்பெற்றிருக்கவில்லை. தன்னார்வலர்கள் பணியைத் தொடர்ந்தனர். ஒரு வீட்டை முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. ஒருவர் தொடங்கிய சுவரின் அருகே இன்னொருவர் தோட்டம் அமைக்கிறார். அட்டையில் அடுத்த செங்கல்லின் விளிம்பு கீறப்படுகிறது.